ஒரே கோலால் அளந்துவிட்டு எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் இரண்டு மின்சாரக் கார்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒன்று பி.ஒய்.டி. அட்டோ 3, மற்றது புரோட்டோன் இ.மாஸ் 7. முதல் கார் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் 480 கிலோமீட்டர் ஓடும், இரண்டாவது 410தான் ஓடும், ஆகவே தூரப் பயணத்துக்கு முதலாவதே உகந்தது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். 480 என்ற எண் சிவப்பு மையில், கட்டைவிரல் பருமனுக்கு அச்சாகியிருந்தது.

நான் மூன்று வருடமாக ஓட்டுவது அந்த 480 கார்தான். என் மைத்துனர் வைத்திருப்பது மற்றது. பத்திரிகையை மடித்து எடுத்துப்போய் அவர் முன்னால் விரித்து வைத்திருந்தால் ஒரு மாதத்துக்காவது அவர் வாயை அடைத்திருக்கலாம். செய்ய முடியவில்லை. அந்த ஒப்பீடு தவறு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாங்கள் இருவரும் பினாங்கிலிருந்து ஈப்போ வரை போய் அளந்து பார்த்துவிட்டு வந்தவர்கள்.

அதைச் சொல்வதற்கு முன், அளவைப் பற்றி எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தார். பள்ளி விடுமுறையில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகைக்கு அவரோடு போவேன். மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்து வருபவர்கள் வாளியைக் கொண்டுவந்து தராசில் வைப்பார்கள். அப்பா எடையைச் சொல்லுவார், ஆனால் உடனே எழுதமாட்டார். பாலில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் குழாயை அதில் மிதக்கவிடுவார். குழாய் எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்குப் போடுவார். பத்துக் கிலோ பாலில் ரப்பர் என்று நிற்பது மூன்று, மூன்றரைக் கிலோதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். வாளி நிறைந்திருப்பதைப் பார்த்துச் சம்பளம் போட்டால் மழை பெய்த நாளில் எல்லோரும் பணக்காரர்கள்.

தங்கள் பக்கத்தில் வந்த 480, வாளி எடை. 410 அப்படி இல்லை; அது குழாயை ஒருமுறை மிதக்கவிட்ட பிறகு எழுதிய எடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்து, 70 கிலோமீட்டர் வித்தியாசம் என்று எழுதிவிட்டார்கள்.

விவரமாகச் சொல்கிறேன். 480 என்பது என்.இ.டி.சி. என்ற பழைய ஐரோப்பியச் சோதனையில் கிடைத்த எண். சோதனைக்கூடத்தில் உருளையின்மேல் காரை நிறுத்தி இருபது நிமிடம் ஓட்டுவார்கள். மொத்தம் 11 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் அளவுதான். ஐரோப்பாவே அது சரிப்படாது என்று 2017-இல் டபிள்யூ.எல்.டி.பி. என்ற புதிய முறைக்கு மாறத் தொடங்கியது. அதில் அரை மணி நேரம், 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131 வரை போகும். 410 அந்த முறையில் வந்தது. என் காரையும் அதே முறையில் சோதித்திருக்கிறார்கள். கிடைத்தது 420. ஆக வித்தியாசம் 70 இல்லை, பத்து.

இன்னொரு கோலும் இருக்கிறது. சீனாவில் சி.எல்.டி.சி. என்று தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். இ.மாஸ் 7 சீனாவின் கீலி கேலக்ஸி இ5 காரிலிருந்து பிறந்தது. அதே 60.22 கிலோவாட் மணி, அதாவது யூனிட், கொள்ளும் பேட்டரி உள்ள கேலக்ஸிக்குச் சீனக் கோலில் 530 கிலோமீட்டர். என் கார் அங்கே யுவான் பிளஸ் என்ற பெயரில் விற்கிறது, 60.48 கிலோவாட் மணி பேட்டரிக்கு அங்கே 510. ஐரோப்பியக் கோலில் என் கார் பத்துக் கிலோமீட்டர் முந்துகிறது, சீனக் கோலில் அவருடைய கார் இருபது முந்துகிறது. எந்த எண்ணும் பொய்யில்லை. எந்தக் கோல் என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துப் போடுவதுதான் பிழை. விற்பனைத் தாளில் எந்தச் சோதனை என்று சிறு எழுத்தில் போட்டிருக்கும். தங்கள் கட்டுரையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஐரோப்பியச் சோதனைகள் இரண்டிலுமே குளிர்சாதனம் அணைந்திருக்கும். பினாங்கில் மதியம் இரண்டு மணிக்குக் குளிர்சாதனம் இல்லாமல் ஒருவர் காரோட்டுகிறார் என்றால் அது கெட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

இனி ஈப்போ. சென்ற வருடக் கடைசியில் ஒரு காது குத்து விருந்தில் மைத்துனர் வழக்கம்போல் ஆரம்பித்தார். "அத்தான், நான் தங்கம் வாங்கியிருக்கிறேன், நீங்கள் வாங்கியது வெறும் கார்" என்பார். மலாய் மொழியில் மாஸ் என்றால் தங்கம், அதை வைத்து அவருக்கு ஒரு வருடம் ஓடிவிட்டது. நான் 480 என்றேன். அவர் அதெல்லாம் காகிதத்தில் என்றார். பேசிக்கொண்டே போகாமல் ஒரு நாள் இரண்டு காரையும் எடுத்துக்கொண்டு ஈப்போ போய்வருவது என்று முடிவானது. குளுகோரில் என் வீட்டு வாசலிலிருந்து ஈப்போவில் நாங்கள் சாப்பிட்ட கடை வரை 160 கிலோமீட்டர், திரும்ப 160. வழியில் எங்கும் சார்ஜ் செய்யக் கூடாது. வேகம் 100-ஐத் தாண்டக் கூடாது. குளிர்சாதனம் இரண்டிலும் 24. டயர்க் காற்றை ஒரே பெட்ரோல் நிலையத்தில் ஒரே குழாயில் சரிபார்த்துக்கொண்டோம். பெட்ரோல் போடாமல் காற்றை மட்டும் அடித்துக்கொண்டு போகும் எங்களை அங்கே வேலை செய்யும் பையன் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

என்னோடு என் மனைவியும் வந்தார். மைத்துனர் தனியாக வந்திருந்தார். எடை சமமாக வேண்டும் என்று தன் பின் இருக்கையில் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் ஐந்தை அடுக்கி இருக்கைப் பட்டையால் கட்டிவைத்தார். தம்பி ஐம்பதோடு நிறுத்திக்கொண்டானே என்று என் மனைவிக்கு மகிழ்ச்சி. அரிசி ஈப்போ போய்த் திரும்பி வந்து, பிறகு இரண்டு வீட்டிலும் பங்கு பிரித்துச் சமைக்கப்பட்டது.

காலை ஏழு மணிக்குப் பினாங்குப் பாலம் ஏறினோம். தைப்பிங் தாண்டியதும் மேடு தொடங்குகிறது. பெட்ரோல் காரில் அந்த மேடு காதுக்குத்தான் தெரியும். மின்சாரக் காரில் கண்ணுக்குத் தெரியும், யூனிட் கணக்கு ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து இறக்கத்தில் கால் எடுத்தால் மோட்டாரே மின்சாரம் பிறப்பித்துப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. ஏற்றத்தில் போனதெல்லாம் இறக்கத்தில் வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வராது. கொஞ்சம் வரும்.

ஈப்போவில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒரு காரியம் செய்தோம், அதுதான் இந்தப் பயணத்திலேயே உருப்படியான யோசனை, மைத்துனருடையது. ஆளை மாற்றிக்கொண்டோம். நான் அவருடைய காரை அரிசியோடு ஓட்டினேன், அவர் என் காரைத் தன் அக்காவோடு ஓட்டினார்.

போகும்போது நான் ஓட்டிய என் கார் நூறு கிலோமீட்டருக்கு 16.4 யூனிட் எடுத்தது. அவர் ஓட்டிய அவருடைய கார் 16.9. வரும்போது நான் ஓட்டிய அவருடைய கார் 16.2, அவர் ஓட்டிய என் கார் 17.1. இரண்டு வழியையும் சேர்த்துப் பார்த்தால் என் கார் 16.75, அவருடையது 16.55. கார்களுக்கு நடுவே இருப்பது 0.2. எங்கள் இருவரின் கால்களுக்கு நடுவே இருப்பது அதற்கு மூன்றரை மடங்கு. முந்திச் செல்லும்போது அவர் மிதிக்கும் மிதி அப்படி. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

பேட்டரி அளவை இந்தக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் என் கார் 361 கிலோமீட்டர் போகும், அவருடையது 364. தாங்கள் அச்சிட்ட 480-க்கும் 410-க்கும் பதிலாக எங்கள் நோட்டில் நிற்கும் எண்கள் இவை. ஊருக்குள் இதைவிட நன்றாகவே ஓடும். குளுகோருக்கும் பாயான் லெப்பாசுக்கும் இடையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நான் 14-க்கும் கீழே பார்த்திருக்கிறேன். மின்சாரக் காருக்கு நெரிசல் பிடிக்கும், நமக்குத்தான் பிடிப்பதில்லை.

திரும்பி வரும்போது, பாலத்துக்கு முன்னால் உள்ள ஜூருவில் என் காரில் 16 விழுக்காடு என்று காட்டியதாம். மூன்று வருடத்தில் அவ்வளவு கீழே போனதை என் மனைவி பார்த்ததில்லை. குளிர்சாதனத்தை அணைத்துவிடு என்று தம்பியிடம் சொன்னாராம். கணக்குக் கெட்டுப்போகும் என்று அவர் மறுத்துவிட்டாராம். பாலத்தில் மாலை நெரிசல். அக்காவும் தம்பியும் கடல்மேல் நின்றபடி பேசிக்கொண்டது என்ன என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தபோது என் காரில் 11 விழுக்காடு, அவருடையதில் 12.

காரின் திரை சொல்லும் கணக்கை மட்டும் நம்பினால் அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். அன்றிரவு என் வீட்டுச் சுவரில் உள்ள சார்ஜரில் போட்டேன். முழுதாக நிறைய 59 யூனிட் இழுத்தது. கார் செலவழித்ததாகச் சொன்னது 53.6. மீதி வழியில் சிந்தியது: மின்சாரம் மாறும்போது சூடாகப் போனது. மைத்துனர் தன் வீட்டிலிருந்து 58 என்று செய்தி அனுப்பினார். கட்டணம் நாம் கட்டுவது சுவரில் ஓடும் கணக்குக்குத்தான், திரையில் ஓடுவதற்கு இல்லை. 2025 ஜூலையில் மாறிய கட்டணப்படி மாதம் 1,500 யூனிட் வரை ஒரு யூனிட் எல்லாம் சேர்த்து 44.43 சென், அந்தக் கணக்கில் ஈப்போ போய்வந்த செலவு 26 ரிங்கிட் சொச்சம். முன்பு வைத்திருந்த என் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 27 லிட்டராவது குடிக்கும். அரசின் உதவித்தொகை விலையில், லிட்டர் 1.99 ரிங்கிட் என்று போட்டாலும் 53 ரிங்கிட்டைத் தாண்டும்.

சார்ஜ் நேரத்திலும் தங்கள் கட்டுரை இதே தவறைச் செய்திருக்கிறது. என் காருக்கு 45 நிமிடம், அவருடைய காருக்கு 20 நிமிடம் என்று போட்டிருந்தீர்கள். என்னுடைய 45, வெறும் பேட்டரியிலிருந்து 80 விழுக்காடு வரைக்கும். அவருடைய 20, முப்பதிலிருந்து எண்பது வரைக்கும். ஒருவர் ஏணியின் அடியிலிருந்து ஏறுகிறார், இன்னொருவர் நாலாவது படியிலிருந்து ஏறுகிறார். நியாயமாகக் கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு எனக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலே, அவருக்கு ஒன்றரை. இதில் அவருடைய கார் உண்மையிலேயே கெட்டி. சொல்ல மனமில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். விரைவு நிலையத்தில் என்னுடையது 80 கிலோவாட் வரை வாங்கும், அவருடையது 100.

வீட்டில் அவருடையது 11 கிலோவாட், என்னுடையது 7 என்று எழுதி அதற்கும் அவருக்கு மதிப்பெண் கொடுத்திருந்தீர்கள். அந்த 11 கிடைக்க வேண்டுமானால் வீட்டுக்கு மும்முனை மின்சாரம் வர வேண்டும். நம் வரிசை வீடுகளில் பெரும்பாலும் ஒருமுனைதான். மைத்துனர் வீடும் அப்படித்தான், அவருக்கும் ஏழுதான் கிடைக்கிறது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சார்ஜ் நிலையங்களைப் பற்றித் தாங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனால் அளவுக் குழப்பம் அதிகமாக இருப்பது அங்கேதான். சில இடங்களில் யூனிட் கணக்கு, சில இடங்களில் நிமிடக் கணக்கு. ஒருமுறை கோலாலம்பூரிலிருந்து வரும்போது பேராக்கில் ஒரு நிலையத்தில் போட்டேன். நிமிடக் கணக்கு. நல்ல வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குழாயில் இன்னொருவர் வந்து தன் காரை மாட்டினார். என் திரையில் வேகம் 31 கிலோவாட்டுக்கு இறங்கியது. நிலையம் இருவருக்கும் பங்கு பிரிக்கிறது, கட்டணத்தை மட்டும் பிரிக்கவில்லை. இருபது நிமிடத்துக்கு முழுக் காசு, ஏறியது பத்து யூனிட். தொலைபேசியில் அழைத்தேன், அமைப்பே அப்படித்தான் என்றார்கள். பால் கொட்டகையில் இப்படி நடந்திருந்தால் அன்றைக்கு மரம் வெட்டும் வேலையே நின்றிருக்கும்.

மற்றபடி இரண்டு காருக்கும் பெரிய சண்டை எதுவும் இல்லை. இரண்டிலும் இரும்புப் பாஸ்பேட் வகைப் பேட்டரி. இரண்டுக்கும் பேட்டரி உத்தரவாதம் எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர். 2026 ஜனவரியிலிருந்து மின்சாரக் கார்களுக்கும் சாலை வரி வந்துவிட்டது, மோட்டாரின் கிலோவாட் பார்த்துப் போடுகிறார்கள். அவருடையது 160, என்னுடையது 150, வித்தியாசம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் காசுதான். அவருடைய கார் என்னுடையதைவிட 16 சென்டிமீட்டர் நீளம். பின் இருக்கையில் அது சுகம். பினாங்கு ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமை மாலை இடம் தேடும்போது அது சுகமில்லை. பூக்கடை எதிரே நான் நுழைத்துவிட்ட இடத்தில் அவர் மூன்று முறை முயன்றுவிட்டுக் கொம்தார் கட்டடத்தின் பக்கம் போய் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

என் கார்க் கதவுப் பைகளில் கம்பிக்குப் பதிலாக கித்தார் தந்திபோல் சிவப்பு நாண்களை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மீட்டினால் ஒலிக்கும். என் பேத்தி ஏறியதும் முதல் வேலை அதுதான். அவருடைய காரில் 15.4 அங்குலத் திரை, பதினாறு ஒலிபெருக்கி. பேத்தியைக் கேட்டால் என் கார்தான் பெரிய கார்.

விலையைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நான் ஒருதலையாக எழுதியதாகிவிடும். நான் 2023 தொடக்கத்தில் 167,800 ரிங்கிட் கொடுத்தேன். அவர் முன்பதிவுச் சலுகையில் 119,800 கொடுத்தார். இடையில் இரண்டு வருடம், சந்தையில் எல்லா மின்சாரக் கார்களும் இறங்கிவிட்டன. 48,000 ரிங்கிட் வித்தியாசம். இந்த ஒரு கணக்கை மட்டும் எந்தக் கோலால் அளந்தாலும் எனக்குச் சாதகமாக வரமாட்டேன் என்கிறது. காது குத்து விருந்தில் மைத்துனர் முதலில் எடுத்ததும் இதைத்தான்.

தங்கள் வாகனப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கடன் வாங்கிக் கார் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் தெருவிலேயே ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார். அடுத்த முறை தூரத்தை எழுதும்போது எந்தச் சோதனை என்று பக்கத்திலேயே போடுங்கள்; இரண்டு காருக்கும் அதே சோதனையாக இருக்கட்டும். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று ஓட்டிப் பார்த்து எழுத முடிந்தால் இன்னும் நல்லது. அரிசி மூட்டை வேண்டுமானால் மைத்துனர் தருவார்.

ஈப்போ பயணம் எழுதிய நோட்டுப் பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். வரும் வழியில் 17.1 என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் பென்சிலில் 'எதிர்க்காற்று' என்று கிறுக்கியிருப்பதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். அது என் கையெழுத்து இல்லை.

இப்படிக்கு,
கிராணி மகன்,
குளுகோர், பினாங்கு.